ஊர் நடுத்தெருவுல சைக்கிள் ரேஸ்: கிரிட்டீரியம் பத்தி எல்லாரும் கேக்கற கேள்விகள்

ஏப்ரல்ல ஒரு சனிக்கிழமை ராத்திரி, அமெரிக்காவோட ஜார்ஜியா மாநிலத்துல ஏதென்ஸ்ங்கற காலேஜ் ஊர்ல நடக்கற ட்வைலைட் ரேஸ் பாத்துட்டு முப்பது செகண்ட் வீடியோ ஒண்ண ஃபேமிலி குரூப்ல போட்டேன். அவ்ளோதான், மாமால ஆரம்பிச்சு ஆபீஸ் பசங்க வரைக்கும் கேள்வி மேல கேள்வி. ஒவ்வொருத்தருக்கா பதில் சொல்லி முடியல, அதான் மொத்தமா இங்க எழுதிட்டேன்.

கிரிட்டீரியம்னா என்ன? டூர் டி ஃபிரான்ஸ் மாதிரியா?

டூர்ல ஒரு ஊர்ல கிளம்பி இன்னொரு ஊர்ல போய் முடிப்பாங்க, நீங்க ரோட்டோரம் மூணு மணி நேரம் காத்திருந்தா அரை நிமிஷத்துல எல்லாரும் கடந்து போயிடுவாங்க. கிரிட்டீரியம் அப்படி இல்ல. டவுன்டவுன்ல நாலஞ்சு தெருவ அடைச்சு, ஒரு கிலோமீட்டரோ ரெண்டு கிலோமீட்டரோ வர்ற மாதிரி ஒரு சுத்து போட்டு, அதையே திரும்பத் திரும்ப சுத்தறது. தேர் நாலு வீதி சுத்தி நிலைக்கு வர்ற ரூட்ட நினைச்சுக்கோங்க, அதே ரூட்ல நூறு பேர் மணிக்கு 45 கிலோமீட்டர்ல தோளோட தோள் உரசிட்டு போறாங்க. அமெரிக்காவுல சுருக்கமா கிரிட்னு சொல்வாங்க, நானும் இனிமே அப்படியே சொல்றேன்.

ஏதென்ஸ் சர்க்யூட் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர். 45 கிலோமீட்டர் வேகத்துல ஒரு லேப், அதாவது ஒரு முழு சுத்து, 80 செகண்ட். நீங்க ஒரு கடை வாசல்ல சும்மா நின்னாலே ஒண்ணேகால் நிமிஷத்துக்கு ஒரு தடவ மொத்த ரேஸும் உங்க மூஞ்சிக்கு நேரா வந்துட்டு போகும். சைக்கிள் ரேஸ்ல டிக்கெட்டும் இல்லாம இவ்ளோ கிட்ட இருந்து முழுசா பாக்கற மாதிரி வேற ஒரு வகை எனக்கு தெரிஞ்சு கிடையாது.

ஒரே தெருவ எண்பது தடவ சுத்தறாங்க, போரடிக்காதா?

இதுதான் எல்லாரும் கேக்கற கேள்வி. முதல் தடவ போனப்ப நானும் ஃபினிஷ் லைன் பக்கத்துல இடம் புடிச்சு நின்னேன். சர்ர்னு போறாங்க, திரும்ப சர்ர்னு போறாங்க, ஒண்ணுமே புரியல. பக்கத்துல நின்ன ஒரு வயசானவர், முன்னாடி ரேஸ் ஓட்டினவராம், "இங்க நிக்காதப்பா, கார்னருக்கு போ, முன்னாடி இருக்கறவன பாக்காத, கடைசில இருக்கறவன பாரு"ன்னார். போனேன். அன்னைக்குதான் இந்த ரேஸே எனக்கு புரிஞ்சுது.

நடக்கறது இதுதான். கார்னர்ல முதல் பத்து பேர் கிட்டத்தட்ட பிரேக் தொடாமலே சாஞ்சு திரும்பிடுவாங்க. அவங்க பின்னாடி வர்றவன் லேசா பிரேக் புடிப்பான், அவன் பின்னாடி இருக்கறவன் இன்னும் கொஞ்சம் புடிப்பான், இப்படியே சேந்து சேந்து வந்து அறுபதாவது எழுபதாவது ஆள் கார்னருக்கு வர்றப்ப கிட்டத்தட்ட நின்னே போயிடுவான். அதுக்குள்ள முன்னாடி இருக்கறவங்க திரும்பி முழு வேகத்துக்கு போயாச்சு, இவன் அந்த இடைவெளிய மூட சீட்ல இருந்து எழுந்து உயிரக் குடுத்து மிதிக்கணும். மூடினா அடுத்த கார்னர் வந்துடும். ஹார்மோனியத்தோட துருத்தி விரியறதும் சுருங்கறதும் மாதிரி மொத்த கூட்டமும் விரிஞ்சு சுருங்கிட்டே இருக்கும்.

கணக்கு போட்டுப் பாருங்க, ஒரு லேப்ல நாலு கார்னர், 80 லேப். 320 கார்னர். முன்னாடி இருக்கறவனுக்கு அது 320 வளைவு, அவ்ளோதான். பின்னாடி இருக்கறவனுக்கு 320 ஸ்பிரிண்ட். தூரம் ஒண்ணு, ஆவரேஜ் வேகமும் ஒண்ணு, ஆனா ரெண்டு பேரும் ஓட்டறது வேற வேற ரேஸ். கால்ல தெம்பு இருந்தும் கடைசில மாட்டிக்கிட்டவன் நாப்பது லேப்ல காலியாகி வெளிய வர்றத பாத்திருக்கேன், மனசு கேக்காது.

அப்ப எல்லாரும் முன்னாடியே போயிடலாமே?

எல்லாரும் அதைத்தான் பண்ணப் பாக்கறாங்க, அதனாலதான் சண்டையே. தெரு அகலம் பத்துப் பன்னிரண்டு பேருக்கு மேல இடம் தராது. தவிர, ஒரேயடியா முதல் ஆளா போனாலும் நஷ்டம், காத்து முழுக்க உங்க மேல. ஒருத்தர் பின்னாடி ஒட்டி ஓட்டினா மூணுல ஒரு பங்கு வரைக்கும் சக்தி மிச்சமாகும். அதனால அஞ்சாவது இடத்துல இருந்து பதினஞ்சாவது இடம் வரைக்கும்தான் சொர்க்கம், அந்த இடத்துக்குத்தான் நூறு பேரும் அடிச்சுக்கறாங்க.

இடம் எப்படி புடிக்கறாங்கங்கறதுதான் அழகு. நேர் ரோட்ல வேகமா மிதிச்சு முன்னாடி போறது முட்டாள்தனம், சக்தி வீண். கார்னருக்குள்ள நுழையறப்ப முன்னால போறவன் ஒரு கால் செகண்ட் சீக்கிரமா பிரேக் புடிச்சான்னா உள்பக்கமா ஒரு சக்கரத்த நுழைச்சுடுவாங்க, அவ்ளோதான், ஒரு இடம் கைக்கு வந்தாச்சு. கையால தள்றது, ஹேண்டில்பார புடிச்சு இழுக்கறது எல்லாம் கூடாது, ரேஸ விட்டே தூக்கிடுவாங்க. முழங்கை முழங்கையோட உரசறது சகஜம், ஹேண்டில்பார்ல கை வெச்சபடியே முழங்கைய லேசா விரிச்சு தன்னோட இடத்த காப்பாத்திக்கறது ஒரு தனி வித்தை.

எவ்ளோ சாய்வாங்க? வழுக்காதா?

ஒரு உதாரணத்துக்கு 15 மீட்டர் ஆரம் இருக்கற வளைவுல மணிக்கு 40 கிலோமீட்டர்ல போனா ஸ்கூல்ல படிச்ச ஃபார்முலா படியே கிட்டத்தட்ட 40 டிகிரி சாஞ்சாகணும். காஞ்ச ரோடுனா டயர் தாங்கும். மழை பேஞ்சுதுனா பயம்தான். ஜீப்ரா கிராசிங் பெயிண்டும் இரும்பு மேன்ஹோல் மூடியும் சோப்பு தேச்ச மாதிரி ஆயிடும், அதனால மழை நாள்ல டயர்ல காத்த கொஞ்சம் குறைச்சுக்குவாங்க. ரேஸுக்கு முன்னாடி ஒவ்வொரு டீமும் சர்க்யூட்ட மெதுவா சுத்தி எந்த கார்னர்ல எங்க மூடி இருக்கு, எங்க ரோடு ஒட்டுப் போட்டிருக்குன்னு மனசுல குறிச்சுக்குவாங்க.

இன்னொண்ணு, வளைவுலயும் மிதிச்சுட்டே போகணும்னு ஆசை வரும், ஏன்னா மிதிக்காத ஒவ்வொரு செகண்டும் பின்னாடி போறோம். ஆனா ரொம்ப சாஞ்சா உள்பக்க பெடல் தரையில இடிச்சு பின் சக்கரம் துள்ளி எழும்பிடும். நல்ல ரைடருக்கு எந்த கார்னர் வரைக்கும் மிதிக்கலாம், எங்க நிறுத்தணும்னு கால் பழகியிருக்கும்.

நடுவுல மணி அடிச்சாங்களே, அப்ப ரேஸ் முடியப் போகுதா?

இல்ல. அது பிரைம், ஆனா உச்சரிக்கறது ப்ரீம்னு. ரேஸ் நடுவுல திடீர்னு மணி அடிப்பாங்க, அடுத்த தடவ அந்த லைன முதல்ல தாண்டறவருக்கு ஒரு பரிசு. காசா இருக்கலாம், ஒரு ஜோடி டயரா இருக்கலாம், உள்ளூர் ஹோட்டல்ல சாப்பாட்டு கூப்பனா கூட இருக்கலாம். இன்னும் நல்லா இருக்கறது கூட்டத்தோட பிரைம்: தொப்பி ஏந்திட்டு தன்னார்வலர்கள் வேடிக்கை பாக்கறவங்க கிட்ட வருவாங்க, ஆளுக்கு ரெண்டு டாலர் அஞ்சு டாலர் போடுவோம், மைக்ல தொகை ஏற ஏற சொல்லுவாங்க, மொத்தமா சேந்ததும் மணி அடிக்கும். நம்ம போட்ட அஞ்சு டாலருக்காக ஒரு புரொஃபஷனல் ரைடர் கண்ணு முன்னாடி உயிரக் குடுத்து மிதிக்கறப்ப வர்ற சந்தோஷமே வேற.

கடைசி லேப்புக்கும் மணி உண்டு. அத குழப்பிக்காதீங்க, எத்தன லேப் பாக்கின்னு ஃபினிஷ் லைன் பக்கத்துல நம்பர் போர்டு இருக்கும்.

பஞ்சர் ஆனா என்ன பண்ணுவாங்க? அதோட அவ்ளோதானா?

இதுக்கு ஒரு நியாயமான ஏற்பாடு இருக்கு, ஃப்ரீ லேப்னு பேரு. பஞ்சரோ, விழுந்துட்டாலோ, பிட்டுக்கு, அதாவது ரோட்டோரம் சக்கரம் மாத்தற இடத்துக்கு, வந்து சக்கரத்த மாத்திட்டு, அடுத்த லேப்ல கூட்டம் திரும்ப வர்றப்ப முன்னாடி எந்த இடத்துல இருந்தாரோ அங்கயே உள்ள விடுவாங்க. அது நிஜமான கோளாறான்னு பிட்ல இருக்கற அதிகாரி பாத்து ஒத்துக்கணும், களைச்சுப் போய் சும்மா ஒரு லேப் ரெஸ்ட் எடுக்கறதுக்கு இல்ல. அமெரிக்க ரூல்படி கடைசி 8 கிலோமீட்டர்ல இது கிடையாது, அப்ப பஞ்சர் ஆனா தலையெழுத்துதான்.

கூட்டத்த விட்டு ரொம்ப பின்தங்கி, ஒரு முழு சுத்தே பின்னாடி போயிடற நிலைமைக்கு வந்தவங்கள அதிகாரிங்க விசில் ஊதி வெளிய கூப்பிட்டுடுவாங்க. கொடுமைன்னு தோணும், ஆனா சின்ன சர்க்யூட்ல 45ல வர்றவங்க வழியில 30ல போறவர் இருந்தா எல்லாருக்கும் ஆபத்து.

கடைசி லேப்ல எங்க பாக்கணும்?

கடைசிக்கு முந்தின கார்னர். ஃபினிஷ் லைன் இல்ல. ஒரு டீம்ல நாலஞ்சு பேர் வரிசையா ரயில் பெட்டி மாதிரி சேந்து வருவாங்க, முதல் ஆள் முடிஞ்ச வரைக்கும் இழுத்துட்டு விலகுவார், அடுத்தவர் இழுப்பார், கடைசி பெட்டில இருக்கற ஸ்பிரிண்டர் காத்தே படாம உக்காந்து வருவார். கடைசி கார்னர்ல இருந்து ஃபினிஷ் 200 மீட்டர்னா அந்த கார்னர மூணாவது இடத்துக்குள்ள திரும்பினவர்தான் பெரும்பாலும் ஜெயிப்பார், ஏன்னா மிச்ச தூரத்துல தாண்டிப் போக நேரமே இல்ல. ஸ்பிரிண்ட்ல ஆயிரம் வாட்டுக்கு மேல அடிப்பாங்க, வேகம் 60 தாண்டும், எல்லாம் பத்து பதினஞ்சு செகண்டுல முடிஞ்சுடும்.

இது எப்ப ஆரம்பிச்சுது? அமெரிக்காவுல ஏன் இவ்ளோ இருக்கு?

அமெரிக்காவுல ரொம்ப பழசுனா நியூ ஜெர்சி சோமர்வில் ஊர் ரேஸ், 1940ல ஆரம்பிச்சது. பாப் குக்ளர்னு எல்லாரும் கூப்பிட்ட ஃப்ரெட் குக்ளர் அங்க மெயின் ஸ்ட்ரீட்ல சைக்கிள் கடை வெச்சிருந்தார். அந்த மாநில சட்டப்படி பரிசுக்காக ஹைவேல ரேஸ் விடக்கூடாது, அதனால "டூர்"னு பேர் வெச்சு மெமோரியல் டே (போர்ல இறந்த வீரர்கள நினைக்கற மே மாச விடுமுறை) அன்னைக்கு நடத்திட்டார். முதல் ரெண்டு வருஷமும் ஜெயிச்சது அவர் பையன் ஃபர்மன் குக்ளர், 1942ல கார்ல் ஆண்டர்சன். ரெண்டு பேருமே ரெண்டாம் உலகப்போர்ல செத்துட்டாங்க. போர் முடிஞ்சு 1947ல ரேஸ் திரும்ப வந்தப்ப குக்ளர் ஆண்டர்சன் நினைவு ரேஸ்னு பேர் மாத்தினாங்க. பையன் ஜெயிச்ச அதே தெருவுல, பையன் பேர்லயே அப்பா ரேஸ் நடத்தியிருக்கார், இத படிச்ச அன்னைக்கு ரொம்ப நேரம் வேற எதுவும் ஓடல எனக்கு.

ஏதென்ஸ் ட்வைலைட் 1980ல, ஜீன் டிக்சன்னு ஒருத்தர் ஆரம்பிச்சது. சாயங்காலம் ஆரம்பிச்சு தெருவிளக்கு வெளிச்சத்துல ஓட்டறதுதான் அதோட அடையாளம். ஓக்லஹோமாவுல டல்ஸா டஃப் 2006ல இருந்து, ஜூன் மாசம் வெள்ளி சனி ஞாயிறு மூணு நாள் மூணு வேற வேற சர்க்யூட். விஸ்கான்சின்ல 2009ல இருந்து டூர் ஆஃப் அமெரிக்காஸ் டெய்ரிலேண்ட், அது பத்து நாளுக்கு மேல தினம் ஒரு ஊர்.

ஏன் இவ்ளோன்னு கேட்டா, 150 கிலோமீட்டர் ரோடு அடைக்க எத்தன ஊர் போலீஸ், எத்தன பெர்மிட் வேணும்! ஆறு பிளாக் அடைக்க ஒரே ஊர் சம்மதிச்சா போதும்.

ஐரோப்பாவுல இது இல்லையா?

நிறைய இருக்கு, ஆனா அங்க கதை வேற. டூர் டி ஃபிரான்ஸ் முடிஞ்ச கையோட பெல்ஜியத்துல ஆல்ஸ்ட், நெதர்லாந்துல பாக்ஸ்மீர்னு ஊர் ஊரா கிரிட் நடக்கும், டூர்ல கலக்கினவங்கள காசு குடுத்து வரவழைப்பாங்க. அதுல யார் ஜெயிக்கணும்ங்கறது முன்னாடியே பேசி வெச்சதுதான், டூர்ல முதல் இடத்துக்கான மஞ்சள் ஜெர்சி போட்டவர ஊர் ஜனங்க கிட்டத்துல பாத்து கை தட்டறதுக்கான திருவிழா அது. முன்னாடி காலத்துல ரைடர்களுக்கு சம்பளத்த விட இதுலதான் நல்ல வருமானம். எனக்கு அதுல மனசு ஒட்டல, ஆனா அந்த ஊர் குழந்தைங்களுக்கு அந்த நாள் எவ்ளோ பெரிய நாள்னு புரியுது.

டூரே 1975ல இருந்து கிட்டத்தட்ட எல்லா வருஷமும் பாரிஸ்ல ஷான்ஸெலிஸேங்கற பெரிய வீதில சுத்தி சுத்திதான் முடியுது, 2024ல மட்டும் நீஸ்ல முடிஞ்சுது. 2025ல மோன்மார்த்ர் மேட்ட சேத்தாங்க, கல் பாவின குறுகலான தெரு, மழை வேற, வவுட் வான் ஆர்ட் ஜெயிச்சார்.

சிங்கப்பூர்ல நடந்துச்சாமே?

ஆமா, டூர் டி ஃபிரான்ஸ் நடத்தறவங்களே 2013ல ஜப்பான் சைத்தாமாலயும் 2022ல சிங்கப்பூர் மரினா பே பக்கத்துலயும் கிரிட் ஆரம்பிச்சாங்க. டூர்ல 35 ஸ்டேஜ் (ஒரு நாள் ரேஸ் ஒரு ஸ்டேஜ்) ஜெயிச்ச மார்க் கேவண்டிஷ் தன்னோட கடைசி ரேஸா ஓட்டினது 2024 நவம்பர் சிங்கப்பூர் ரேஸதான், ஜெயிச்சுட்டு விடைபெற்றார். தேக்கா பக்கம் குடியிருக்கற என் அத்தை பையன் எம்ஆர்டில நாலஞ்சு ஸ்டேஷன் போய் நேர்ல பாத்துட்டு வந்துட்டான், எனக்கு இன்னும் வயித்தெரிச்சல் அடங்கல.

இதுல காசு கிடைக்குமா? இத மட்டும் வெச்சு வாழ முடியுமா?

ரொம்ப கொஞ்ச பேருக்குத்தான். பரிசுப் பணத்த டீமே பங்கு போட்டுக்கும், ஏன்னா ஸ்பிரிண்டர் ஜெயிச்சதே மத்தவங்க இழுத்ததாலதான். பல பேர் வேற வேலை பாத்துட்டே ஓட்டறாங்க. ஹோட்டல் செலவ தவிர்க்க அந்தந்த ஊர் குடும்பங்க வீட்டுல தங்க இடம் குடுப்பாங்க, ஹோஸ்ட் ஹவுசிங்னு பேரு. வருஷா வருஷம் அதே வீட்டுக்கு வந்து, அந்த வீட்டுப் பசங்க வளர்றத பாத்து, அண்ணன் மாதிரி ஆயிடறவங்க உண்டு.

2022ல அமெரிக்கன் கிரிட்டீரியம் கப்னு பல ஊர் ரேஸ சேத்து ஒரு தொடர் ஆரம்பிச்சாங்க, ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமான பரிசு. அதுக்கு அடுத்த வருஷம் நேஷனல் சைக்கிளிங் லீக்னு மியாமி பீச்ல பெருசா ஆரம்பிச்சாங்க, பத்து லட்சம் டாலர் பரிசுன்னாங்க, 2024 சீசனையே நிறுத்திட்டாங்க. புரூக்ளின்ல டேவிட் டிரிம்பிள் 2008ல தன்னோட பிறந்தநாள் ரேஸா ஆரம்பிச்ச ரெட் ஹுக் கிரிட், பிரேக்கே இல்லாத சைக்கிள்ல ஓட்டறது, மிலன் பார்சிலோனா வரைக்கும் போய் 2019ல நின்னுடுச்சு. ஃபிலடெல்ஃபியாவுல 1985ல இருந்து நடந்த பெரிய ரேஸும் 2016க்கு அப்புறம் நின்னு போச்சு. சோமர்வில் மட்டும் எப்படி இத்தன வருஷம் தாண்டி வந்துச்சுன்னா, அது ஊர்க்காரங்களோட மெமோரியல் டே வழக்கமாவே ஆயிடுச்சு, வெளில இருந்து பெரிய முதலீடு போட்டு கொண்டு வந்த விஷயம் இல்ல. இதுல எனக்கு ரொம்ப உறுதியான அபிப்ராயம் உண்டு: தெருவுல கடை வெச்சிருக்கறவர் தன் ரேஸ்னு நினைக்கணும், இல்லனா அடுத்த வருஷம் தெரு கிடைக்காது.

கறுப்பின ரைடர்கள் இதுல நிறைய தெரியறாங்களே, டூர்ல அப்படி இல்லையே?

நல்லா கவனிச்சிருக்கீங்க. கிரிட் நகரத்துக்குள்ள நடக்கறதால நகரத்துப் பசங்களுக்கு எட்டற விளையாட்டு. நியூயார்க்ல சைக்கிள்ல தபால் டெலிவரி பண்ணிட்டிருந்த நெல்சன் வெயில்ஸ் 1984 ஒலிம்பிக்ஸ் டிராக் ஸ்பிரிண்ட்ல வெள்ளி வாங்கினார். லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்துல காம்ப்டன்ல இருந்து வந்த ரசான் பஹாத்தி 2008ல தேசிய கிரிட் சாம்பியன். அதே ஊர்ப் பக்கத்துல இருந்து பெலீஸ் வம்சாவளி அண்ணன் தம்பி ஜஸ்டின் வில்லியம்ஸ், கோரி வில்லியம்ஸ் 2019ல லீஜியன்னு டீம் ஆரம்பிச்சாங்க. எல்லா நிறத்துப் பசங்களும் இந்த விளையாட்டுக்குள்ள வரணும்னு வெளிப்படையா சொல்லிட்டே ஜெயிச்சாங்க. ரேஸ் முடிஞ்சதும் அவங்க டீம் வண்டிய சுத்தி நிக்கற சின்னப் பசங்கள பாத்தாலே போதும்.

விழுந்தா பெரிய அடி படுமா?

படும், பொய் சொல்ல மாட்டேன். ரோடு தோல உரிச்சு எடுத்துடும், காறை எலும்பு உடையறது அடிக்கடி. ஒருத்தர் விழுந்தா பின்னாடி வர்ற பத்து பேருக்கு போக இடமே இல்ல, ரெண்டு பக்கமும் பேரிகேட். அதனால நல்ல சர்க்யூட்ல கார்னரோட வெளிப்பக்கம் மெத்தையோ வைக்கோல் கட்டோ அடுக்கியிருப்பாங்க.

பாக்கப் போறோம், குழந்தைங்களும் வர்றாங்க. என்ன கவனிக்கணும்?

கார்னர்ல நில்லுங்க, ஆனா வளைவு முடியற இடத்துல வெளிப்பக்கம் வேண்டாம், விழுறவங்க சறுக்கிட்டு வர்றது அங்கதான். உள்பக்கமோ, வளைவுக்கு முன்னாடியோ நின்னா பிரேக் சத்தம், டயர் சத்தம் எல்லாம் கேக்கும், அவங்க ஒருத்தருக்கொருத்தர் கத்திக்கறது கூட கேக்கும். ஃபோன் வெச்சிருக்கற கைய பேரிகேட்டுக்கு வெளிய நீட்டாதீங்க, 45ல வர்ற ஹேண்டில்பார் அந்தக் கம்பிய ஒட்டியே போகும். தெருவ தாண்டணும்னா கிராசிங்ல விசில் வெச்சிருக்கற தன்னார்வலர் சொன்ன பிறகுதான் தாண்டணும், ரோடு காலியா இருக்கேன்னு நீங்களா ஓடாதீங்க, 80 செகண்ட் அவ்ளோ சீக்கிரம் முடியும்.

டல்ஸாவுல ஞாயித்துக்கிழமை க்ரை பேபி ஹில்னு ஒரு மேடு, அங்க கூட்டம் வேஷம் கட்டிக்கிட்டு, தண்ணியடிச்சு, ரைடர் காதுல கத்தற அளவுக்கு கிட்ட நிப்பாங்க. நண்பர்களோட போக அருமையான இடம், சின்னக் குழந்தைங்களோட வேண்டாம்.

மத்தியானமே போயிடுங்க. புரொஃபஷனல் ரேஸ் சாயங்காலம்தான், ஆனா காலைல இருந்து அதே சர்க்யூட்ல புதுசா ஓட்டறவங்க ரேஸ், ஒரு நாள் லைசென்ஸ் எடுத்து வர்ற ஆபீஸ்காரங்க ரேஸ் எல்லாம் நடக்கும். பல ஊர்ல குழந்தைங்களுக்கும் ஒரு சுத்து விடுவாங்க, ஹெல்மெட் மட்டும் கட்டாயம். என் பொண்ணு போன வருஷம் சைடு வீல் வெச்ச சைக்கிள்ல ஓட்டினா, கடைசி கார்னர்ல ஒரு பையன உள்பக்கமா தாண்டினா, மைக்ல அவ பேர சொன்னாங்க. இந்த ஏப்ரலுக்கு சைடு வீல கழட்டியாகணும்னு ஜனவரிலேயே ஆரம்பிச்சுட்டா.